மலை ஊரில் நீர் வளர்த்த வனிலா

கீழ்வீட்டு அம்மா நத்தார்ப் பண்டிகைக்கு பிஸ்கட் சுடுகிறார் போலிருக்கிறது. வேலை முடிந்து வந்து வெளிக்கதவைத் திறந்தேன்; படிக்கட்டு முழுவதும் வனிலா மணம். இரண்டாம் மாடிவரை ஏறியவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே இந்த ஜேர்மன் நகரம் வுப்பர்டாலின் வழக்கமான மழை. கையில் பேக்கரியில் வாங்கிய பாண் பை நனைந்திருந்தது. உமக்கு எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது போதும் என்று பட்டது. மேலே வந்து, ஈர ஜாக்கெட்டையும் கழற்றாமல் குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருந்துகொண்டேன்.

இதே மேசையில்தான் நீர் அந்தப் படத்தை வைத்தீர். முதியோர் இல்லத்துச் சமையலறையில் உம்மோடு வேலை செய்த மார்த்தா தந்த படம். மார்த்தா இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவுக்காரி. ஒரு ஜேர்மன்காரரைக் கட்டி இங்கே வந்தவர். படத்தில் அவருடைய ஊர். ஒரு மலைச்சரிவு, சில தகரக் கூரைகள், மிச்சத்தை மறைத்துக்கொண்டு மூடுபனிப் புகார்.

"இஞ்சாருங்கோ, இந்த ஊருக்கு ஒருக்காப் போவமே?" என்றீர்.

"அங்கை ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் கேக்கிறன்."

எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்கு முந்திய வருடம்தான், சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், யாழ்ப்பாணம் போய் வந்திருந்தோம். உமது அப்பா உமக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டை இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தேடினோம். கூரைகூடத் தெரியவில்லை. நீர் அழவில்லை.

மார்த்தாவின் ஊருக்குப் போன பயணம் இன்றைக்கும் கனவுபோலத்தான் வருகிறது. பாலியிலிருந்து சின்ன விமானம். பிறகு, பின்னால் ஆட்கள் உட்காரப் பலகை வாங்கு அடித்த ஒரு லொறி. அதில் ஆட்களோடு கோழிகள், அரிசி மூட்டைகள், ஒரு தையல் மெஷின். மலையைச் சுற்றிச் சுற்றி ஏற ஏற, கீழே இருந்த கடல் மேகத்துக்குள் போய்விட்டது. நீர் என் தோளில் சாய்ந்து நித்திரையாகி, விழித்து, "இன்னும் வரேல்லையோ? வராட்டிலும் பறவாயில்லை" என்றீர்.

எங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் மார்த்தாவின் தம்பி பெத்ருஸ். ஒரு மாதம் இருந்தோம். விடியும்போது புகார் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். எதிரே இருப்பவரின் முகம் மெல்ல மெல்லத்தான் தெளியும். அவர்களின் பாஷை உமக்கு வராது, உமது பாஷை அவர்களுக்கு வராது. ஆனாலும் ஊற்றடியில் பெண்களோடு மணிக்கணக்காக இருந்து கதைப்பீர். ஒரு நாள் ஈரத் தலையோடு ஓடிவந்தீர்.

"இஞ்சாருங்கோ! இவையளும் கப்பலைக் கப்பல் எண்டுதான் சொல்லுகினம். பெட்டியும் பெட்டிதானாம்!"

ஏதோ தொலைந்த சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது உமது முகம்.

பெத்ருஸ் வனிலாத் தோட்டம் போட ஆசைப்பட்டார். அந்த நேரம் வனிலாவுக்கு உலகமெங்கும் அப்படி ஒரு விலை. அவரிடம் நிலம் இருந்தது, முதல் இல்லை. எங்களிடம் வீடு வாங்கவென்று சேர்த்த காசு இருந்தது. அதில் பாதியைப் போடுவோம் என்று நீர் சொன்னபோது நான் சத்தமே போட்டுவிட்டேன்.

"காணியை எங்கடை பேரிலை எழுத ஏலாதாம். வெளிநாட்டுக்காரருக்குச் சட்டம் விடாது. என்ன நம்பிக்கையிலை குடுக்கிறது?"

நீர் என்னை நிமிர்ந்து பார்த்தீர். "எங்கடை பேரிலை எழுதின வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

காசைக் கொடுத்தோம்.

அதன்பிறகு மூன்று வருடம் எங்கள் லீவு அங்கேதான். வனிலாப் பூ ஒரு காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும். அங்கே அதற்கேற்ற தேனீ இல்லை; மனிதர்தான் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக் காய்க்கவைக்க வேண்டும். மூங்கில் சிராயால் உள்ளிருக்கும் சின்ன மடலை உயர்த்தி, பெருவிரலால் மெல்ல அழுத்தப் பெத்ருஸ் கற்றுத்தந்தார். எனக்குப் பூ கிழிந்துவிடும். உமக்கு ஒன்றும் கிழிந்ததில்லை. கொடிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர். பனி உமது சட்டையில் முத்து முத்தாக நிற்கும். பேசினால் பூவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல, "பொறுங்கோ, இன்னும் ரண்டு பூ" என்று கையால் சைகை மட்டும் காட்டுவீர். அந்த மூன்று வருடமும் நாங்கள் சண்டை பிடித்ததாக ஞாபகமில்லை.

பிறகு வனிலா விலை விழுந்தது. கொஞ்சமாக அல்ல, கிணற்றுக்குள் விழுந்ததுபோல. அந்த மழைக்காலத்தில் கொடிகளும் வேரழுகின. பெத்ருஸ் தொலைபேசியில் அழுதார். மாடுகளை விற்றாவது திருப்பித் தருகிறேன் என்று சொன்னதாக மார்த்தா மொழிபெயர்த்தார். நீர் உடனே, "விக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ மார்த்தா" என்றீர். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உமது கனவுக்கு நான் பதினைந்து வருடம் தொழிற்சாலையில் இரும்புத் தூசி குடித்தேனா என்று கேட்டேன். கேட்டேன்தான், எழுதும்போது கை கூசுகிறது. நீர் சோற்றை மூடிவைத்தீர்.

அடுத்த வருடம் நான் வரமாட்டேன் என்றேன். நீர் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு தனியாகவே போய் மூன்று மாதம் நின்றீர். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்டீர்: "எப்ப வாறியள்?" பார்ப்போம் என்றேன். திரும்பிவந்தபோது கறுத்து, மெலிந்து, ஏதோ ஒரு நிறைவோடு இருந்தீர். படங்கள் கொண்டுவந்தீர். நான் உறையைத் திறக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் தோற்றுவிடுவேன் என்றொரு வீம்பு. நீரும் காத்திருந்திருப்பீர்.

தை மாதம் ஒரு காலை, நீர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உமது இதயம் நின்றுவிட்டது. ஒரு சப்பாத்து போட்டபடி, மற்றது கையில்.

வசந்தத்தில் நான் புளோரெஸுக்குப் போனேன். கணக்கு முடிக்க அல்ல. நிலமும் போட்ட காசும் உன்னுடையவை, எங்களை மறந்துவிடு என்று பெத்ருஸிடம் நேரில் சொல்ல. மார்த்தாவும் கூட வந்தார். லொறி நின்று நான் இறங்கியதும், ஊற்றடியில் நின்ற பெண்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி ஏதோ சொன்னாள். மற்றவர்கள் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வீடு அந்தச் சொல் மேலே ஏறிப்போவது கேட்டது. "பாபா பெசோக். பாபா பெசோக்."

மார்த்தாவைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

"பெசோக் என்றால் நாளைக்கு" என்றார் ஜேர்மனில். "அந்த மூன்று மாதமும் இவர்கள் தினமும் கேட்டார்களாம், உன் புருஷன் எப்போது வருவார் என்று. பதிலுக்கு அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். தினமும் ‘பெசோக்’ என்றாளாம். அதனால் உங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது."

நாளைக்கு வருகிற ஐயா.

பெத்ருஸ் என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். செத்த கொடிகளைக் களைந்து, அவை படர்ந்திருந்த மரங்களின் நிழலில் நீர் உமது கையால் வைத்த கோப்பிக் கன்றுகள் என் முழங்காலளவு நின்றன. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மண்ணில் இருந்துவிட்டேன். பெத்ருஸ் பக்கத்தில் இருந்தார். புகார் வந்து எங்கள் இருவரையும் மூடியது. அதற்குள் நன்றாக அழமுடிந்தது.

கோப்பி இப்போது காய்க்கிறது. பெத்ருஸின் வீடு அதில்தான் நடக்கிறது. அங்கே நான் நிற்கும் நாட்களுக்கும் அதுதான் சோறு போடுகிறது. ஒவ்வொரு ஆடியிலும் போகிறேன். கடவுச்சீட்டில் இருக்கும் என் பெயரால் அந்த ஊரில் எவரும் கூப்பிடுவதில்லை, நான் சொல்வதுமில்லை. லொறியால் இறங்கி நடக்க, ஊற்றடியில் யாராவது ‘பாபா பெசோக்’ என்று கூப்பிடுவார்கள். நான் பையை இறக்கிவைத்துத் திரும்பி, அவர்களுக்கு விளங்காவிட்டாலும், தமிழில்தான் சொல்கிறேன்:

"ஓம், வந்திட்டன்."