தவளை பிடிக்க விட்ட கழனி

பழவேற்காடு
9-1-1984

பிரியமுள்ள மகன் அப்துல் ஹைக்கு உன் உம்மா உம்மு ஹானி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எனக்கும் உன் தங்கை மஸூதாவுக்கும் அவள் பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீயும் அந்தச் சார்ஜா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வக்து தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கோபம் இருக்கிறது என்பதற்காகத் துஆவை நிறுத்திவிடவில்லை. நீ கொடுத்தனுப்பிய பால்மாவும் தைலமும் வந்து சேர்ந்தது. பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் முளைத்து எல்லார் விரலையும் கடிக்கிறான். அடுப்படிக் கூரை ஓடுகளை இந்த மழைக்கு முன்னால் மாற்றியதால் ஒழுகல் நின்றது. நல்ல செய்தி இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதுவதைப் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடாதே, உட்கார்ந்து முழுக்கப் படி.

போன வருஷம் ஐப்பசி மழையில் நம் கழனியில் பெட்ரோமாக்ஸும் கோணியுமாக ஆட்கள் இறங்கினார்கள். என்ன ஏது என்று உன் மச்சான் கௌஸ் மைதீனைக் கேட்டேன். காலேஜ்ல பாடம் நடத்தத் தவள கேக்குறாங்க மாமி, பத்து இருவது புடிச்சிக்கினு போயிடுவாங்கன்னு முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எந்தக் காலேஜோ, எத்தனை ஆயிரம் பிள்ளைகள் படிக்கிறார்களோ, மூட்டை மூட்டையாகப் போனது. வீட்டுக்கு வந்த மருமகனைப் பொய்யர் என்று சொல்ல வாய் வராமல் விட்டேன். இந்த வருஷம் ஆவணியில் முதல் மழை விழுந்ததும் மறுபடி வந்தார்கள். வரப்பில் கால் வைத்தால் இரண்டு பக்கமும் துள்ளி விழுமே, அதெல்லாம் போய், மழை பெய்த மறுநாள்கூடக் கழனி ஊமையாகக் கிடந்தது. அப்புறம்தான் மஸூதா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். நீ வேலை பார்க்கிற கோல்டு ஸ்டோரேஜ் மூலமாக மெட்ராஸ் ஏற்றுமதி ஏஜெண்ட் ஒருத்தன் உனக்குப் பழக்கமாகி, நம் கழனியில் தவளை பிடித்துக்கொள்ள நீயே அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மச்சானுக்கும் சொல்லி வைத்திருக்கிறாய். பின்னங்காலை மட்டும் வெட்டி ஐஸில் வைத்து வெள்ளைக்காரன் ஊருக்கு அனுப்புகிறார்களாம், மீதி உடம்பு உயிரோடு துடித்துக் கிடக்குமாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தவளையைக் கொல்லாதே என்று நபி தடுத்திருக்கிறார்கள் என்று லெப்பை உனக்கு ஓதிக் கொடுத்தாரா இல்லையா, நீ வந்து என்னிடம் ஒப்பித்தாயா இல்லையா. இதையே மாப்பிள்ளையிடம் கேட்டால், நாம எங்க மாமி கொல்றோம், புடிக்கத்தானே உடுறோம், கொல்றவன் மெட்ராஸ்லல்ல கீறான்னு எனக்கே மார்க்கம் சொல்லுகிறார். உங்கள் இரண்டு பேர் மூளையையும் எடுத்து வெயிலில் காயப்போட்டால் என்ன என்று இருந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன், அந்தக் கழனி யாருடையது. உன் வாப்பா நிக்காஹ் அன்று நாலு பேர் சாட்சியாக எனக்கு மஹராகத் தந்தது. அவர் உயிரோடு இருந்தவரை, உம்மு ஹானி, கழனியில என்ன போடலாம்னு என்னைக் கேட்காமல் ஒரு பிடி விதை விதைத்ததில்லை. பெற்ற பிள்ளை நீ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு என் கழனியின் தவளையை எவனுக்கோ எழுதி வைக்கிறாய். நான் செத்துப்போய் நீ பங்கு பிரித்துக்கொண்ட மாதிரி அல்லவா நடந்திருக்கிறாய். இதை நினைத்தால் தவளையைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

கார்த்திகையில் புகையான் பூச்சி விழுந்தது. நல்ல பொன்னிப் பயிர், நடு நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. அடித்தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே தத்துப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் வேளாண்மை ஆபீஸில் புதிதாக வந்திருக்கிற அந்தோணிசாமியைக் கையோடு கூட்டி வந்தேன். சின்ன வயது, ஆனாலும் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். கட்டின தண்ணியை வடியுங்க, நாலு நாள் காய விட்டு மறுபடி கட்டுங்க, பயிரை அங்கங்கே ஒதுக்கி வழி விட்டு அடித்தூரில் காற்றும் வெயிலும் படச் செய்யுங்க, பறவை உட்காரக் குச்சி நடுங்க, யூரியாவைக் கையால்கூடத் தொடாதீங்க என்றார். தூருக்குத் தூர் சிலந்தி ஓடிற்று, அதைக் காட்டி, இது ஒண்ணு தினம் எத்தனை பூச்சியைத் தின்னும் தெரியுமாம்மா, மருந்தடிச்சா முதல்ல சாவுறது இதுதான் என்றார். அப்புறம் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, ஏரியோரத்துக் கழனி, தவளையே காணோமே என்றார். அவர் சும்மா கேட்டதுதான். என் மகன் விற்றுவிட்டான் என்று சொல்ல வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கீழக்கழனியில் அவர் சொன்னதெல்லாம் அன்றைக்கே ஆரம்பித்தோம். மேலக்கழனியில் ஆரம்பிப்பதற்குள் ராயபுரத்தில் உன் சின்னம்மா பேத்திக்குக் காது குத்து என்று நான் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோடு வரைக்கும் மருந்து நாற்றம். உம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் பயிர் மிஞ்சாது, மருந்தை அடித்துவிடுங்கள் என்று நீ மச்சானுக்கு எழுதினாயாம். மாப்பிள்ளை தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, புட்டியில் போட்ட அளவுக்கு இரண்டு பங்கு கலந்து, மேலக்கழனி முழுக்கக் குளிப்பாட்டியிருக்கிறார். அதோடு விட்டாரா, தெளிப்பானையும் டிரம்மையும் கொண்டுபோய் நம் வடிகால் ஓடையில் கழுவியிருக்கிறார். அன்று இரவே மழை கொட்டி மேலக்கழனித் தண்ணீரும் வரப்பு உடைந்து ஓடையில் சேர்ந்தது. ஒரு வாரம் மேலக்கழனி பச்சென்று நின்றது, மாப்பிள்ளை கடைத்தெருவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அப்புறம் புகையான் முட்டையெல்லாம் பொரிந்து வந்தது. தின்னச் சிலந்தியும் இல்லை, தவளையும் இல்லை. இப்போது மேலக்கழனி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வைக்கோல், கதிரில் பால்கூடப் பிடிக்கவில்லை. கீழக்கழனியில் அங்கங்கே வட்டம் விழுந்ததோடு நின்றது, மீதி கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. நான் சொன்னதுதான் நடந்தது என்று சந்தோஷப்படவா முடியும், இரண்டும் என் கழனிதானே.

இனிமேல் எழுதுவதைக் கவனித்துப் படி. நம் ஓடை எங்கே போய் விழுகிறது என்று உனக்குத் தெரியாததா. அது ஏரியில் சேருகிற வாய்முகத்தில் அந்த வாரம் பாடு யாருடையது தெரியுமா, உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கேசவனுடையது. ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரன் வலை கட்டுவது என்று அவர்கள் ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பாடு என்று முறை வைக்கிறதை நீயும் சின்னதில் வேடிக்கை பார்த்தவன்தான். நல்ல இறால் இறங்குகிற மாதத்தில் நல்ல இடம், எத்தனையோ சுற்று காத்திருந்து அவனுக்கு விழுந்தது. விடியக் காலையில் வலையை எடுக்கப் போனால் இறாலும் மடவை மீனும் வயிற்றைக் காட்டி மிதக்கிறது, நண்டு கரையேறிச் செத்துக் கிடக்கிறது. விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது, முறை முடிகிறவரை அந்தத் தண்ணீரில் ஒன்றும் இறங்கவில்லை. முறை போனால் போனதுதான், இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவன் அப்பா அங்கமுத்துவும் அவனும் நம் வாசலுக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அங்கமுத்து துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் பண்ணதுன்னு கேக்க வரலம்மா, அந்தத் தண்ணி இன்னும் வருமான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தோம், அடுத்த பாடுக்காரனுக்குச் சொல்லணும் என்றார். மாப்பிள்ளை உள்ளே கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான்தான் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நீ எழுதியது உட்பட. கேசவன் என்ன சொன்னான் தெரியுமா. ஹைக்கு இத எழுதாதீங்கம்மா, அங்க தனியா கெடக்குறான், மனசு ஒடைஞ்சிடுவான் என்றான். அதனால்தான் எழுதுகிறேன். உனக்காக அவன் பட்ட அந்த இரக்கம் உன் நெஞ்சில் முள்ளாகக் குத்தட்டும் என்றுதான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஒரு பாடு போனதற்குக் கையில் காசு கொடுத்தால் அது பிச்சை மாதிரி ஆகும். ஆகையால் மறுநாள் நானே குப்பத்துக்கு நடந்துபோய், ஊர்ப் பெரியவர்கள் இருக்கிற இடத்தில் சொல்லிவிட்டேன். என் கழனியால் கேசவன் பாடு போனது, பாட்டுக்குப் பாடாக என் கீழக்கழனியில் நிற்கிற பயிர் இந்தப் போகத்துக்குக் கேசவனுடையது, அறுப்பும் நெல்லும் வைக்கோலும் அவன் வீட்டுக்கு. அங்கமுத்து முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, எங்களுக்கு ஏரி கீதும்மா, நீங்க சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க என்றார். உங்கள் ஏரியில் உங்கள் ஊர் வைத்ததுதானே முறை, என் கழனியில் நான் வைத்தது முறை என்றேன். பெரியவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். அப்புறம், சரி, பாடுன்னு குடுத்துட்டீங்க, எங்க வழக்கப்படி பாடு இருக்கிறவன் எடத்துல வேற ஆளு கால வைக்கக் கூடாது, உங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கும் அது சேத்தி, சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, அப்ப நம்ம சோத்துக்கு என்று கேட்டார். தவளை ஏஜெண்டைப் போய்க் கேளுங்கள் என்றேன். மஸூதாகூடச் சிரித்துவிட்டாள். போன போகத்து நெல்லும் தீர்ந்து இப்போது கடை அரிசிதான் உலை வைக்கிறோம், வாசமே இல்லை, ஆனாலும் தொண்டையில் இறங்குகிறது.

அந்த ஏஜெண்டின் ஆள் போன வாரம் வந்து அடுத்த மழைக்கும் வாக்குக் கேட்டான். வந்த வழியே போகச் சொன்னேன். நீயும் உன் கைப்பட அவனுக்கு எழுது, அந்தக் கழனி உம்மாவுடையது, எனக்கு அதில் பேச வாய் இல்லை என்று. இதே சொற்களை எழுது, சுற்றி வளைக்காதே. அவனிடம் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடு, முடியாவிட்டால் ஏழைக்குக் கொடு, வீட்டுக்கு மட்டும் அனுப்பாதே. பெண் பார்க்கிற பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் பையன் எப்படி என்று கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். நீ கெட்டவன் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. கேட்காமல் செய்கிறவனாகிவிட்டாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உண்டு வாழ ஹலாலான ரிஸ்கையும் நல்ல புத்தியையும் தரட்டும், முக்கியமாகக் கடைசியில் சொன்னதை. தை கடைசியில் லீவில் வருவதாக எழுதியிருக்கிறாய், வா, பார்த்து மூன்று வருஷமாகிறது, கண்ணுக்குள்ளேயே நிற்கிறாய். அப்போது கீழக்கழனியில் அறுப்பு நடக்கும். பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வரப்பில் ஏறுவதற்கு முன்னால் கேசவனைக் கேட்டுக்கொள். அவன் வேண்டாம் என்றால் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
கோபத்தோடும் துஆவோடும்,
உன் உம்மா
உம்மு ஹானி