இதில் என் பொண்ணு எங்கடி?

என் சண்டைக்கார அக்காவுக்கு,

அயர்லாந்தில் மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா பக்கத்து ஃபிளாட் மணியை அடித்துவிட்டாள்.

விண்ணப்பத்தோடு, ஏன் மருத்துவராக ஆசைப்படுகிறேன் என்று ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காக அமீர்பேட்டில் ஓர் ஆலோசகரைப் பார்த்தேன். உன் சிறுநீரகங்கள் பழுதானதையும், நீ போய் இரண்டு வருடம் ஆனதையும் சொன்னேன். அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறப்பை முதல் வரியிலேயே வை, படிப்பவர்கள் கண் கலங்க வேண்டும் என்றார்.

அப்படியே எழுதினேன். டயாலிசிஸ் இயந்திரம், உன் வீங்கிய கால்கள், கடைசிக் காலை. நன்றாகத்தான் வந்திருந்தது. அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்ன எழுதியிருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"இதுல ஒரு நோயாளி இருக்கா. என் பொண்ணு எங்கடி?"

எனக்குக் கோபம் வந்தது. "அவ நோயாளியாதானேம்மா இருந்தா?"

"வாரத்துக்கு மூணு நாள். மிச்ச நாலு நாள்?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். டயாலிசிஸ் படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கச்சிபௌலி ஆபீஸ் மேனேஜரோடு நீ வாதாடியதை எழுதினேன். முதல் நாள் வந்து நடுங்கிக்கொண்டிருந்த பாட்டியம்மாவிடம், அவர் பேசும் உருதுவிலேயே "டரோ நக்கோ", பயப்படாதீங்க, என்று நீ சொன்னதை எழுதினேன். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க சார், அப்புறம் கையெழுத்து கேளுங்க" என்றாயே, அதையும். அன்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "வாயை மூடேன்க்கா" என்று உன் காதில் சீறியவள் நான். நான் சொன்னது தப்பு என்று உன்னிடம் எப்போதாவது ஒப்புக்கொண்டேனா?

கணினித் திரையில் நேர்காணல். இரண்டு மருத்துவர்கள். "உன் அக்காவைப் போல ஒருவர் உன்னிடமே நோயாளியாக வந்தால் என்ன செய்வாய்?" என்று என்னைக் கேட்டார்கள். "முதல் வாரம் பயப்படுவேன். இரண்டாவது வாரம், அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் படித்துவிட்டு வருவேன்" என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் எதையோ குறித்துக்கொண்டார்.

முப்பது வருடம் ரயில்வே பணிமனையில் இருந்த மனிதர் அப்பா. எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "அங்க எப்பவும் மழையாம், நல்ல மழைக்கோட்டு ஒண்ணு வாங்கணும்" என்றார், அவ்வளவுதான். இருந்த ஒருத்தியும் கிளம்புகிறேன். இவர்களை விட்டுப் போவது சரிதானா, அக்கா? அம்மாவிடமே கேட்டேன்.

"நீ போகாம இருந்தா அவ என்னைச் சும்மா விடுவாளா? போடி."

இன்னொரு செய்தி. இரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் உன் பேரைச் சொல்லவில்லை. கட்டுரைக்குப் பிறகு அம்மா சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் பற்றிப் பேசுகிறாள். மூன்றாம் வகுப்பில் டீச்சர் போட்ட கணக்கு தப்பு என்று சொல்லி, நீ வெளியே நின்றாயாமே? எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா புரையேறச் சிரித்தார்.

செப்டம்பரில் புறப்படுகிறேன். ஞாயிறு தவறாமல் அம்மாவைக் கூப்பிட்டு, நான் பிறப்பதற்கு முந்தைய உன்னைப் பற்றி ஒன்றாவது கேட்பேன். மருத்துவராகத் திரும்பும்போது உன்னை இன்னும் நன்றாகத் தெரிந்தவளாகவும் வருவேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கை,
வித்யா