எதிர்க்கரை இல்லாத தண்ணீர்

நேற்றுக் காலை கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஓட்டல் அறை பதிவு செய்யும் அந்தத் தளம், என் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துப் போட்டு, மலாக்கா உங்கள் இருவரையும் மீண்டும் அழைக்கிறது என்று எழுதியிருந்தது. கடல் பார்த்த அறை, காலை உணவு, சென்ற முறை வந்த விருந்தினர்களுக்குச் சிறப்புச் சலுகை. சென்ற முறை வந்தவர்களில் ஒருவர் இறந்துபோயிருந்தால் சலுகை பாதியாகிவிடுமா என்று நிபந்தனைகளில் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அழிக்கத்தான் எடுத்தேன். அழிக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இதைப் படிக்கமாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் எழுதிய எதையும் நீ படித்ததில்லை. ஆகவே நம்மிடையே பெரிய மாற்றமொன்றும் இல்லை.

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில், கடை வரிசையின் மேல்மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் நிலையம். கீழே ரொட்டி சானாய்க் கடை. மாடியில் உன் ரத்தத்தை ஒரு இயந்திரம் வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கும். கீழிருந்து தே தாரேக் தேநீரின் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும். இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு மனித இனத்தின் மேல் என்ன கோபமோ. வாரத்தில் மூன்று நாள் நீ படுத்திருப்பாய், நான் பக்கத்தில் ஒரு புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பேன். பக்கம் திரும்பாததைப் பார்த்து, “அதே பக்கத்துலதான இருக்க? மனப்பாடமா?” என்பாய்.

உனக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அனுமதி. அதற்குள் காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அடங்க வேண்டும். உன் மனைவி காவலுக்கு நின்றாள். குழம்பை வடித்துக் கட்டியாகப் பரிமாறுவாள். தர்பூசணியை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். காய்கறியை நறுக்கி, உப்புச்சத்து இறங்க நெடுநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுவாள். அவ்வளவு தண்ணீர் ஓடிய ஒரு சமையலறையில் அவ்வளவு தாகத்துடன் ஒருவன் உட்கார்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு கைகளிலும் நரம்பு அடைத்துப்போய், குழாய் கழுத்துக்கு வந்த வாரம் அது. “கழுத்துக்கு அப்புறம் எங்க டாக்டர்?” என்று நீ கேட்டிருக்கிறாய். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் இயந்திரத்தில் படுத்துக்கொண்டு, ஏதோ சாமான் வாங்கிவரச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாய்:

“மச்சான், ஒரு ஓட்டல் பாரு. ஜன்னலத் தொறந்தா தண்ணி தெரியணும்.”

“நீ பார்க்காத தண்ணியா? இத்தன வருஷம் பாலத்து மேலதான சிங்கப்பூருக்குப் போய்ட்டு வந்த?”

“எங்க பார்த்தேன்? மோட்டார் சைக்கிள்ல போறவன் தண்ணியப் பார்த்தா தண்ணியிலதான் கெடப்பான். முன்னால போறவன் பிரேக் லைட்ட மட்டும்தான் பார்த்திருக்கேன். இப்போ உக்காந்து பார்க்கணும்லா. குடிக்கத்தான் கூடாது. பார்க்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லல.”

ஜொகூர் பாருவிலேயே அப்படிப்பட்ட ஓட்டல்கள் இருக்கின்றனவே என்றேன். நீ தலையணையில் தலையை ஆட்டினாய்.

“அலமாக், அங்கருந்து பார்த்தா எதிர்ல சிங்கப்பூருதான் தெரியும். நான் வேலை செஞ்ச கம்பெனியப் பார்த்துக்கிட்டா உக்காரச் சொல்ற? எதிர்க்கர இல்லாத தண்ணியா பாரு. நீதான் நெறைய படிக்கிறவனாச்சே. இதையும் படி.”

படித்தேன். மலாக்கா என்று முடிவானது, ஏனென்றால் உன் மனைவி பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போய் வாந்தி எடுத்ததைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவளுக்கு வேறு நினைவில்லை. அதைத் திருத்திக்கொள்ள விரும்பினாள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து பிடித்த ஊர். இப்போது பிடிப்பவர்கள் மதியம் பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்துவிடுகிறார்கள்.

விருந்தினர் கருத்துரை என்ற இலக்கிய வகைக்கு நான் அதுவரை உரிய மரியாதை கொடுத்ததில்லை. சூரியன் மறைய நேரமானதற்காக ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். பழைய ஊர் மிகப் பழையதாக இருக்கிறது என்று இன்னொருவர் வருந்தியிருந்தார். ஆற்றங்கரையில் அழகான விடுதிகள் இருந்தன; ஆனால் ஆற்றுக்கு எதிர்க்கரை உண்டு. நூறாண்டு வீடு ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள்; செங்குத்தான மரப்படி, லிஃப்ட் இல்லை, உனக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கடைசியில் கடலைப் பார்த்த உயரமான ஓட்டல் ஒன்று அகப்பட்டது. படத்தில் ஜன்னல் முழுக்க நீலம். படத்தை உன்னிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, ஓரங்களையெல்லாம் தள்ளிப் பார்த்து, எதிர்க்கரை இல்லை என்று உறுதிசெய்துகொண்டாய்.

“அண்ணே, கடல் தெரிஞ்சா போதும்,” என்றாள் உன் மனைவி. “சோறு நான் கட்டிக்கிறேன்.”

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்க்கிழமை. வாரத்திலேயே நீண்ட இடைவெளி அது. ஊருக்குப் போகத் தோதானது. ஆனால் உடம்பில் நீர் சேரச் சேர மூச்சுத் திணறுவதும் அந்த நாட்களில்தான். ஞாயிறு போய் திங்கள் திரும்பலாம் என்று வைத்துக்கொண்டோம்.

பாலத்தைக் கடந்து பிழைத்தவர்களுக்குப் புறப்படும் நேரம் ஒன்றுதான் தெரியும். கல்யாணமோ கருமாதியோ, விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பாவிட்டால் ஜாமில் மாட்டிக்கொள்வோம் என்று நம்புவார்கள். ஞாயிறு விடியலில் வடக்கே போகும் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. செடெனாக் ஊரைத் தாண்டும்வரை நம் காரைத் தவிர ஒரு வெளிச்சம் இல்லை. நீ மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, “இப்பவே வந்துட்டோம், நல்லவேள,” என்று பெருமைப்பட்டுக்கொண்டாய்.

ஓட்டல் முகப்பில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். அப்போதுதான் வேலைக்கு வந்திருக்க வேண்டும். தலைமுடி ஈரம் காயவில்லை.

“அங்கிள், செக்-இன் மூணு மணிக்கு. இப்போ ஏழுகூட ஆகல.”

“ஜாம் இருக்கும்னு பார்த்தோம்மா,” என்றாய்.

“ஞாயித்துக்கிழமையா?”

“நாங்க ஜொகூர்ம்மா,” என்றாள் உன் மனைவி, ஒரு நோயைச் சொல்வதுபோல.

வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது. உன்னை அதன் எதிரே சோபாவில் உட்காரவைத்துவிட்டு உன் மனைவி சொன்னாள்: “இந்தாங்க, நீங்க கேட்ட தண்ணி. பார்த்துக்கிட்டே இருங்க. மூணு மணிக்கு எழுப்புறேன்.”

“மீனு அதுபாட்டுக்குக் குடிச்சிக்கிட்டே இருக்கு பாரு மச்சான்,” என்றாய். “அதுக்குக் கேக்க ஆளில்ல.”

உன் கழுத்துக் கட்டுத்துணியை அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். யாரிடமோ போனில் பேசி, ஒன்பது மணிக்கெல்லாம் அறையைத் திறந்துவிட வைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு அவளே கூட வந்தாள். நீ நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாய்.

பச்சையாக இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை லாலாங் புல். நடுவே பாதியில் நின்றுபோன கட்டடங்கள், கண்ணாடி மாட்டாத ஜன்னல்களுடன். ஒரு துருப்பிடித்த கிரேன். மாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

“கடல் எங்கம்மா?” என்றாய்.

“அந்தப் பக்கம்தான் அங்கிள். முன்னல்லாம் இங்க கீழ வரைக்கும் இருந்துச்சாம். மண்ணு கொட்டித் தள்ளிட்டாங்க.”

“அப்பறம் எப்படி சீ வியூ?” என்று நான் கேட்டேன்.

“அது ரூமோட பேரு அங்கிள்.”

அவள் பொய் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. நான் நிர்வாகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்துக்குள் தொடங்கிவிட்டேன். முதல் பத்தி மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

“விடு மச்சான். பெக்கோக்ல நாம பொறந்த எடத்துல ஒரு ரப்பர் மரம் இருக்கா? போர்டுல ரப்பர் தோட்டம்னுதான இன்னும் போட்டிருக்கான்? அவன் மேலயா கேஸ் போட்ட?”

சிரித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாய். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாய். அந்த முதுகைப் பார்த்த பிறகு கடிதம் எழுதும் எண்ணம் எனக்குப் போய்விட்டது. உன் மனைவிதான் பையை மறுபடி தோளில் மாட்டினாள். “கடல் எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் நாமும் போவோம். எந்திரிங்க,” என்றாள்.

கொட்டிய மண்ணின் மேல் போட்ட சாலை, கடைகள் இல்லாத கடைத்தெருக்களைத் தாண்டி, ஒரு தடுப்புக் கம்பத்தில் முடிந்தது. காவலுக்கு இருந்த மலாய்க்காரர் கையை ஆட்டினார். “தா போலே, தா போலே.” உள்ளே வேலை நடக்கிறது, வெளியாள் போகக்கூடாது. உள்ளே எந்த வேலையும் நடக்கவில்லை; அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உன் மனைவி இறங்கிப் போனாள். என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு காரைக் காட்டினாள். அவர் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பத்தைத் தூக்கி, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கரையில் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். நாற்காலியைப் போட்டு உன்னை உட்காரவைத்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில், அலையில்லாமல் கிடந்தது. எண்ணெய்க் கப்பல்கள் தூரத்தில் நின்றன. அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

“அலையே இல்லையே,” என்றாய்.

“இதுக்குத்தான் நாலு மணிக்குக் கெளப்புனீங்க,” என்றாள் அவள்.

நீ சட்டைப்பையிலிருந்து உன் பாட்டிலை எடுத்தாய். மூடி உடைபடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது: விழித்ததிலிருந்து நீ ஒரு மடக்கும் குடிக்கவில்லை. மாத்திரையைக்கூட எச்சிலில் விழுங்கியிருக்கிறாய். அன்றைய பங்கு முழுவதையும் இந்த இடத்துக்காகச் சேர்த்துவைத்திருந்தாய். அண்ணாந்து, நிறுத்தாமல், மொத்தத்தையும் குடித்தாய். குடித்து முடித்து, காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாய். உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டாய். இன்னும் வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்டே வருடக்கணக்காகிவிட்டது.

அவள் தன் பையைத் திறந்தாள். தனக்கென்று வைத்திருந்த பெரிய பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, உன்னிடம் நீட்டினாள்.

நீ அவளை நிமிர்ந்து பார்த்தாய். “செவ்வாக்கெழம வரைக்கும் தாங்காதுடி.”

“தெரியும். குடிங்க.”

‘தெரியும்’ என்ற அந்த ஒரு சொல்லில், கழுத்துக்கு அப்புறம் எங்கே என்ற கேள்விக்கான பதில் அவளுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நீ கை நீட்டி வாங்கினாய். இம்முறை மெதுவாகக் குடித்தாய். ஒவ்வொரு மடக்கையும் வாயில் வைத்திருந்து, கடலைப் பார்த்து, பிறகு விழுங்கினாய். அவள் உன் தோளில் கைவைத்து நின்றாள். காவல்காரர் எங்களைத் திருப்பியனுப்ப வரவில்லை.

அன்று இரவும் மறுநாளும் நீ தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் மூச்சு விட்டாய். செவ்வாயன்று எடைக்கருவியில் நின்றதும் நர்ஸ் அலறினாள்: “அங்கிள்! என்ன குடிச்சீங்க?”

“கடல் மிஸ்ஸி. முழுசா முடியல, பாதியோட வந்துட்டேன்.”

அவள் இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். தசைப்பிடிப்பில் உன் கால் முறுக்கிக்கொண்டது. என் கையை நெரித்துக்கொண்டே சிரித்தாய். வேறு யாராவது அப்படிச் சிரித்திருந்தால் அதை வீரம் என்று எழுதியிருப்பேன். உன் விஷயத்தில் அது வெறும் திருப்தி. நன்றாகச் சாப்பிட்டவன் வயிற்றுவலியோடு சிரிப்பதைப் போல.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டது. மருத்துவமனையில் வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்றார்கள். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டும் உன் மனைவிக்கு அனுமதி இருந்தது. டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். மலாக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு, இது வேறு என்றார். அவளிடமும் அதையே சொன்னார். அவள் தலையாட்டினாள்.

பதினாறாம் நாள் படையலுக்கு உன் உறவினர்கள் உனக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்கறி, பொரித்த மீன், ஸ்டவுட் பீர் பாட்டில், நீ விட்டுவிட்டதை மறந்து ஒரு சிகரெட் பெட்டி. அவள் உள்ளேயிருந்து, தண்ணீர் தளும்பும் பெரிய எவர்சில்வர் குடத்தைத் தூக்கி வந்து இலைக்கு நடுவில் வைத்தாள்.

“என்னம்மா, வெறும் தண்ணி?” என்றார் உன் பெரியப்பா.

“அவருக்கு அதான் பிடிக்கும்,” என்றாள்.

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் இப்போது ஊறவைக்காமல் சமைக்கிறாள். சாப்பாட்டில் ருசி வந்துவிட்டது, அதற்காக அவளை யாரும் பாராட்ட முடியாது. காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். கொஞ்சம் பேசிய பிறகு, இதை முன்பு கேட்டதே இல்லை என்பதுபோலக் கேட்பாள்:

“அண்ணே, அன்னிக்கு அந்த பாட்டில நான் குடுத்திருக்கக் கூடாதோ?”

டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். அறிவியல் சொல்லிப் பார்த்தேன். படித்ததையெல்லாம் வைத்துப் பல மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒரு வாரத்துக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் ஒன்றுதான் சொல்கிறேன்.

“அவன் திருப்பிக் குடுக்கலையே, தங்கச்சி.”

அவள் யோசிப்பாள். கண்ணெதிரே அதை ஒருமுறை பார்த்து வருவாள்போலிருக்கிறது. பிறகு, “ஆமாண்ணே. ஒரு சொட்டுகூட வைக்கல,” என்பாள்.

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சண்டை ஓய்ந்திருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பாள். நானும் போவேன்.