ரபாலே வரைக்கும் உங்கள் மடியில்

அக்கா,

நேற்று மாலை கோபர்கைரனே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள மெடிக்கலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் களிம்பு டியூபின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தார் வாசனை. புதிதாக ரோடு போட்ட வாசனை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு நம் காலை லோக்கல் ரயிலில் பெண்கள் ஏறும் பெட்டி, நம் லேடீஸ் டப்பா, ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் நீங்கள், உங்கள் கையில் பூசிய களிம்பின் அதே வாசனையோடு. என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னேன்.

நம்முடையது தினம் பத்து நிமிடப் பழக்கம். கோபர்கைரனேயில் சேர்ந்து ஏறுவோம். நீங்கள் ரபாலேயில் இறங்கி, சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவீர்கள். நான் ஐரோலி வரை போவேன். முதல் நாள், மூன்று பேர் உட்கார்ந்திருந்த சீட்டில், "வா, ஒண்டிக்கோ" என்று நகர்ந்து நான்காவது இடம் கொடுத்தீர்கள். தாராவியில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். ஆனாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான். செம்பூரில் வளர்ந்த என் பேச்சைக் கேட்டு, "ஏளா, நீ ஹிந்தியிலல்லா தமிழ் பேசுதே" என்று சிரிப்பீர்கள்.

மே மாத வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான் போடுவீர்கள். ஒரு நாள் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது துணி விலகியது. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த திட்டு. அதன்மேல் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகச் செதில். நான் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.

"சோரியாசிஸ். பதினெட்டு வயசுலேருந்து இருக்கு. ஒட்டாது."

தலையாட்டினேன். நம்பினேனா என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. குளிர் மாதங்களில் அதிகமாகும். அயர்ன் பாக்ஸ் சுட்ட இடத்தில் புண் ஆறி, அங்கேயும் ஒரு திட்டு கிளம்பியது. நகங்களில் ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள். எழுந்ததும், உதிர்ந்த செதில் போகக் கைக்குட்டையால் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்கப் போவீர்கள்.

என் மகள் பிறந்தாள். பிரசவ லீவு முடிந்ததும் ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு குழந்தைக் காப்பகத்தில் சேர்த்தேன். தினமும் அவளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவேன். நான் கால் வைத்ததுமே நீங்கள் கையை நீட்டுவீர்கள். "ரபாலே வரைக்கும் இவ எனக்கு."

அவளுக்கு ஒரு வயது நெருங்கியபோது கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரத்தன. பிறகு கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். நீர் கசிந்தது. தூக்கத்திலும் சொறிந்தாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், இன்னும் புண்ணாகியது. என் மனது வேறு எங்கும் போகவில்லை அக்கா, நேராக உங்கள் முழங்கைக்குத்தான் போனது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக நினைத்ததுதான். இரண்டு வாரம் வேறு டப்பாவில் ஏறினேன்.

ஒரு காலை பிளாட்பாரத்தில் நீங்களே என்னைத் தேடி வந்து, "பிள்ளைக்கு என்னாச்சு?" என்று கேட்டீர்கள். சொன்னேன். சொறிந்து ரத்தம் வருவதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அக்கா, இது உங்ககிட்ட இருந்து வந்திருக்குமா?"

ரயில் வந்தது, ஏறிப் போனீர்கள். மூன்று நாள் உங்களைக் காணவில்லை. நான்காம் நாள் அதே இடத்தில் நின்றிருந்தீர்கள். "நாளைக்கு லீவு போடு. பிள்ளையத் தூக்கிட்டு வா. நான் காட்டுத ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தோல் பிரிவில் நம் முறை வந்தது. நான் வாய் திறக்கும் முன் நீங்கள் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, டாக்டரின் மேசைமேல் நீட்டினீர்கள். என்னிடமிருந்து இந்தக் குழந்தைக்கு ஒட்டிக்கொண்டதா என்று ஹிந்தியில் கேட்டீர்கள். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். டப்பாவில் யார் கண்ணிலும் படாமல் மூடி வைத்திருந்த கைகள் அவை.

டாக்டர் அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு விளக்கினார். உங்களுடையது முழங்கை, முழங்கால், தலை என்று வெளிப்பக்கம் வருவது. விளிம்பு தெளிவாக இருக்கும், செதில் தடித்திருக்கும். குழந்தைக்கு வந்திருப்பது எக்ஸிமா. நம் வீடுகளில் கரப்பான் என்பார்களே, அதுதான். மடிப்புகளில் வரும், விளிம்பு தெரியாது, அரிப்பு ஆளைத் தூங்கவிடாது. இரண்டும் வேறு வேறு. இரண்டுமே கிருமியால் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

"வீட்டில் யாருக்காவது வீசிங் உண்டா?" என்று கேட்டார்.

என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சொன்னேன்.

"இந்த நோய் பெரும்பாலும் அப்படிப்பட்ட குடும்பங்களில் வருவதுதான்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

வேப்பிலையையும் மஞ்சளையும் நிறுத்தச் சொன்னார். புண்ணுக்கு ஒரு களிம்பும், குளித்த ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கத் தடவ ஒரு கிரீமும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் உங்களிடம், "இது ஒட்டாதுன்னு உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ டாக்டர் வாயால கேக்கணும்லா."

மறுநாளிலிருந்து மகள் மறுபடி உங்கள் மடிக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளுக்குத் தோல் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. உங்களுக்கு நோய் மூட்டுகளுக்கு இறங்கியது. விரல்கள் வீங்கி, நூல் பிசிறு வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டீர்கள். போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தீர்கள். செய்தி கேட்டு என் மகள் அழுத அளவுக்கு நான் அழவில்லை. எனக்கு அழுகையைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான், இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு என்மேல கோபமே வரலையா அக்கா?"

"வராமலா? மூணு நாள் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலளா. அதான் வேற வண்டியில போனேன். ஆஸ்பத்திரிக்கு வரையிலயும் கோவந்தான். வழி பூரா உங்கிட்ட ஒரு வார்த்த பேசல, நீ கவனிக்கலியா?"

கவனிக்கவில்லை. அன்று நான் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"சொறிஞ்சு ரத்தம் வருதுன்னு சொன்னேல்லா. அரிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

உங்களைக் கோபமே வராத மனுஷி என்று நினைத்து, செய்த தப்பை நான் லேசாக்கிக்கொண்டிருந்தேன். அந்த வசதியும் அன்றோடு போயிற்று. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அந்த மன்னிப்பு இன்னும் கேட்கப்படாமலேயே இருக்கிறது. இப்போது கண்ணை மூடினால் நான் காண்பது ஆஸ்பத்திரி வாசல் வரை போன அந்த வழியைத்தான். என் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கோபமாக, எனக்கு நாலடி முன்னால் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.