சான்றிதழில் அப்பா பெயர்

தென்பசார், பாலி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். துணி வியாபாரமும் பரவாயில்லை.

நம் முன்னோர் வழிபாடான மராப்பு முறையில் நடந்த உங்கள் கல்யாணத்தை அரசு ஏற்காததால் என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் மட்டும்தானே இருந்தது? பள்ளியில் அதற்கு நான் பட்ட கேலி உங்களுக்குத் தெரியும். சட்டம் மாறி உங்கள் கல்யாணம் பதிவானதும், சான்றிதழைத் திருத்தப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தேன். இன்று உங்கள் பெயரோடு கைக்கு வந்துவிட்டது.

“இவ்வளவு நாளா அப்பா இல்லாமலா இருந்தீங்கக்கா?” என்று சிரித்தார் எழுத்தர்.

“அவரு சும்பா தீவுல குதிரை மேய்ச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு தம்பி. உங்க ஆபீஸ் கண்ணுக்குத்தான் தெரியல” என்றேன்.

சட்டமும் மூட்டைத் துணி போலத்தான் அப்பா. பிரிக்கச் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வருகிறது. பக்கத்து வீட்டாரையும் போய்ச் சான்றிதழைத் திருத்தித் தரக் கேட்கச் சொல்லுங்கள்.

கப்பலில் யாராவது வந்தால் நம் ஊர்ப் பாக்கு கொடுத்தனுப்புங்கள். சேர்ந்து மெல்ல இங்கே ஆளில்லை, ஆனாலும் அனுப்புங்கள்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது.

இனி அரசாங்கத்துக்கும் உங்கள் மகளான,
ரம்பு லிகா