கதையில் வராத தீவு

அண்ணா,

அம்மாவின் மாய நாவலை மறுபடி அச்சிடப்போகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பாய். முந்நூறு பேர் தேறினால் அதிகம். ஆனால் விடாப்பிடிக்காரர்கள்.

நேற்று பதிப்பாசிரியர் வந்தார். முதல் பக்க வரைபடத்தில், கடல் மூலையில் கோணலாகக் கிடக்கும் தீவைக் காட்டினார். "கதையில இந்தத் தீவே வரலையேம்மா. தெரியாம அச்சாயிருக்கு போல. எடுத்துடலாமா?"

வாசகர்கள் அம்மாவுக்கு எழுதிக் குவித்ததெல்லாம் அந்தத் தீவைப் பற்றித்தான். அதில் நிற்கும் இரண்டு கோடுகள் மரமா, தூணா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். அம்மா யாருக்கும் பதில் போட்டதில்லை.

வரைபடம் சாப்பாட்டு மேசையில் கிடந்தபோது தம்பி கிறுக்கியது அது. அன்று மதியம் இருவரும் ஆற்றுக்குப் போனீர்கள். நீ மட்டும் திரும்பினாய். அதற்கு மேல் எழுதமாட்டேன். அம்மா கிறுக்கலை அழிக்காமலே அச்சகத்துக்கு அனுப்பினாள்.

"இருக்கட்டும் சார். அதுல ஆள் இருக்காங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

யார் யாரென்று தம்பி என்னிடம் மட்டும்தான் சொன்னான். உன்மேல் இருந்த கோபத்தில் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். நெட்டைக் கோடு நீ, குட்டைக் கோடு அவன். நடுவே பொடிசாக இன்னொரு கோடு இருக்கும். அவன் கையை நீ பிடித்திருக்கிறாய்.

உன் வாயாடித் தங்கை