மின்னியின் காதுகுத்து

செவ்வாய்க் கோள், நாள் 611 – 07:10 – விலங்கறை
வெப்பம், காற்றோட்டம் சீர். ஆட்டுக்குட்டி மின்னி புட்டிப்பாலை மிச்சமின்றிக் குடித்தாள். இங்கே பிறந்த முதல் உயிர் இவள். தாய் பிரசவத்திலேயே போய்விட்டதால் சீம்பால் கிடைக்கவில்லை.

இன்று இவள் காதில் அடையாள வில்லை பொருத்தினேன். குடியிருப்பிலிருக்கும் மற்ற நால்வரும் அதைக் காதுகுத்தாகவே ஆக்கிவிட்டார்கள். பொறியாளர் சேவுகன் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டான். சீர் எங்கே என்று கேலி செய்ததும் தன் பங்கு வெல்லத்தை எடுத்து நீட்டினான். இறக்கிவிட்டதும் மின்னி ஓடிப்போய், பூமியிலிருந்து கொண்டுவந்த கீரைப்பாத்தி மண்ணில் காதைத் தேய்த்தாள். எல்லோரும் சிரித்தோம்.

நாள் 621 – 08:00
காதுகள் விறைத்து நிற்கின்றன. புட்டியைக் கவ்வ வாய் திறக்கவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ்.

இதைப் படிப்பவருக்கு: பாத்தி மண்ணில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். காற்றுப் புகாத புண்ணுக்குள் போனால் விழித்துக்கொள்ளும்.

வில்லையைக் கழற்றினேன். பொருக்குக்கு அடியில் கடுகளவு சீழ். புண்ணைத் திறந்து கழுவிப் பென்சிலின் போட்டேன். ஏற்கெனவே உடம்பில் ஏறிவிட்ட நஞ்சை முறிக்கும் மருந்து கையிருப்பில் இல்லை. அடுத்த கலம் வர ஏழு மாதம்.

நாள் 622 – 11:30
வெளிச்சம் பட்டால் வலிப்பு. சத்தம் கேட்டால் வலிப்பு. விளக்கை அணைத்தேன். ஒலிபெருக்கியையும் அணைத்துவிட்டதால் செய்திகள் எழுத்தாக மட்டும் திரையில் வருகின்றன.

சேவுகன்: "அக்கா, என் மடியில வச்சுத்தான குத்துனோம். பொழச்சிருவால்ல?"

பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன்.

15:05
காற்று விசிறி ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் உடல் வில்லாக வளைகிறது. அதை நிறுத்தக் கேட்டேன்.

தலைவர் மரியபுஷ்பம்: "டாக்டர், ஃபேன நிறுத்துனா அந்த ரூம் காத்து மூணு மணி நேரம்கூடத் தாங்காது. அது ஆடு. எங்களுக்கு நீங்க ஒருத்தர்தான் டாக்டர்."

அவர் சொல்வது சரி. விசிறியை நிறுத்தினேன். கதவை உள்ளே தாழிட்டேன்.

15:40
வலிப்பு இல்லை. கழுத்து தளர்ந்து என் மடியில் சாய்ந்திருக்கிறாள். நாற்பத்து நான்கு வயதில் என் மடியில் இவ்வளவு நேரம் எந்த உயிரும் தூங்கியதில்லை.

17:20
தலைவலி. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிக்குப் பயந்து, நானே காற்றில்லாத அறையைச் செய்து வைத்திருக்கிறேன். தெரிகிறது. எழுந்து நான்கடி நடந்தால் விசிறியின் பொத்தான். எழுந்தால் மடி அசையும்.

சேவுகன்: "மாமன் சொல்றேன்க்கா. போதும். அவள விட்டுருங்க."

அவனுக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக அவள் துடிக்கவே இல்லை. விறைப்புகூட விட்டுவிட்டது. மருந்து வேலை செய்கிறது.

17:50
மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். என் விரல் மரத்துப்போயிருக்கிறது, அதனால்தான் மூச்சு தெரியவில்லை. கொஞ்சம் குளிர்ந்திருக்கிறாள். என் சட்டையைப் போர்த்தினேன்

18
கதவைத் தட்டுகிறார்கள்
மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள்
பிள்ளை இப்போதுதான்